விரிப்பில் இறங்கிய விஷம்

மார்ச் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, மாவட்ட அரசு மருத்துவமனையின் விஷமுறிவு வார்டில் கட்டில்கள் பன்னிரண்டு. நோயாளிகள் ஒன்பது பேர். விரிப்பு போட்டிருந்த கட்டில்கள் இரண்டு.

மற்ற விரிப்புகள் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தன.

மருத்துவமனை வாசலுக்கு நேரெதிரே, டயர்க் கடையை ஒட்டி, ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் வரிசை. வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் மடித்த வெள்ளை விரிப்பு. நோயாளி வரவேண்டியதில்லை, அவர் படுத்த விரிப்பு வந்தால் போதும். உள்ளே இருக்கிற விரிப்பய்யா அதன்மேல் ஒரு தண்ணீரைத் தெளிப்பார். உடம்பிலிருந்து விரிப்பில் இறங்கிய விஷம் கறுப்பாகத் தெரியும். பிறகு இன்னொரு தண்ணீரைத் தெளிப்பார். கறுப்பு மறையும். விஷம் செத்துவிட்டது என்று பொருள். நோயாளி சாலைக்கு அந்தப்பக்கம் படுத்தபடியே குணமாகிவிடுவார்.

கம்பியில்லாமல் போன் பேசுகிற காலத்தில் கம்பியில்லாமல் வைத்தியம் நடக்கக்கூடாதா என்று வரிசையில் ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு யாருக்கும் எந்தச் சந்தேகமும் எழவில்லை.

ஐயா காசு கேட்கமாட்டார். கேட்காமலேயே வாங்கிக்கொள்வார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். விரிப்பு மருத்துவமனையுடையதாக இருக்கவேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட விரிப்பென்றால் தொடக்கூட மாட்டார். "வீட்டு விரிப்புல குடும்பத்தோட ஆசாபாசமெல்லாம் ஒட்டியிருக்கும். விஷம் தனியாத் தெரியாது" என்பார். கேட்டவர்கள் பேச்சின் ஆழத்தை வியந்து தலையாட்டிவிட்டு, மருத்துவமனை விரிப்பை எடுத்துவரத் திரும்பி ஓடுவார்கள். கடலலைபோல விரிப்புகள் சாலையைக் கடந்தன, திரும்பின. வாசல் காவலாளி தொடக்கத்தில் தடுத்துப் பார்த்தார். பிறகு அவருடைய மாமனாரை அதே வார்டில் சேர்த்தார்கள். அதன்பின் அவரே விரிப்பு மடிக்க உதவி செய்தார்.

ஏழாம் கட்டிலில், விரிப்பில்லாத ரெக்ஸின் மெத்தைமேல், கையில் மருந்து இறங்கும் ஊசியோடு ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை அவளுக்கு. "எடுத்தேன்மா, எங்கேயோ விழுந்துடுச்சு" என்று சொல்கிற முகங்களை நாள் முழுக்கப் பார்த்துப் பழகியவள். யார் எதைச் சொன்னாலும் வலது கை தன்னால் நீளும். காட்டு என்று.

கணவர் வாய்க்குள் என்ன போட்டுக்கொண்டார் என்பதைத்தான் அவள் காட்டச் சொல்லவில்லை.

மெக்கானிக்குக் கடைவாய்ப்பல் வலி. எஞ்சினைத் திருகு திருகாகப் பிரித்துப் போடுகிற மனிதருக்குத் தன் வாயை இன்னொருவர் திறப்பதென்றால் குலை நடுங்கும். பல் டாக்டர் பக்கம் போகவில்லை. மருந்துக்கடையில் வெள்ளை மாத்திரை வாங்கினார். அது கேட்கவில்லையென்று மளிகைக்கடையில் சிவப்பு மாத்திரை வாங்கினார். அதுவும் போதாமல், தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்குகிற ஒன்றைப் பட்டறைக் கூட்டாளி கொடுத்தார். நிறம் மூன்று, பெயர் மூன்று, ஆகவே மருந்தும் மூன்று என்பது மெக்கானிக்கின் தீர்மானம். ஒன்றுக்குக் கட்டுப்படாத வலி இன்னொன்றுக்குக் கட்டுப்படும் என்று சனிக்கிழமையிலிருந்து மாற்றி மாற்றி விழுங்கினார். மூன்றுக்குள்ளும் ஒரே பாராசிட்டமால்தான் இருந்தது. அட்டையின் பின்பக்கத்தில் அதை அச்சடித்துமிருந்தார்கள், எறும்புக்கு மட்டும் தெரிகிற எழுத்தில்.

"காய்ச்சல் மாத்திரைதானே டாக்டர்? குழந்தைக்கே குடுக்கிறாங்களே?" என்று முந்தின நாள் அவள் கேட்டிருந்தாள்.

"அளவாக் குடுத்தா குழந்தைக்கும் நல்லது. இவர் போட்டிருக்கிறது நாலு பேரோட அளவு" என்றார் டாக்டரம்மா. "இதுல ஒரு வம்பு இருக்கு, கேட்டுக்கோங்க. இன்னைக்கு வாந்தி எடுப்பாரு. நாளைக்கு நல்லாயிட்ட மாதிரியே இருக்கும். பேசுவாரு, சிரிப்பாரு, வீட்டுக்குப் போகணும்பாரு. உள்ளே ஈரல் வெந்துட்டிருக்கும். அப்புறம் ஒருநாள் கண்ணு மஞ்சளாகும். அன்னைக்கு வந்து நின்னீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ணமுடியாமப் போகலாம். இப்பவே இந்த முறிவு மருந்து முழுசா இறங்கணும். நடுவுல கழட்டக்கூடாது."

அந்த முறிவு மருந்துக்கு ஆளை மயக்கும் குணம் எதுவும் கிடையாது. குப்பியை உடைத்தால் அழுகிய முட்டை நாற்றம். மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கும். கறுக்காது, வெளுக்காது. வேலை செய்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும். எதிர்க் கொட்டகையில் ரோஜா வாசனைத் தண்ணீர், இரண்டே தெளிப்பு. போட்டி சமமாக இல்லை.

டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை மெக்கானிக் நன்றாகிவிட்டார்.

"பசிக்குது. வாந்தி இல்ல. பல் வலிகூட இல்ல" என்றார். "எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கேன்?"

அப்போது கொழுந்தன் வந்தான். செல்போன் கடை வைத்திருப்பவன். ஒரு கையில் மடித்த விரிப்பு, மறுகையில் போன்.

"அண்ணி! முடிஞ்சுது. அண்ணன் பிழைச்சாச்சு."

"விரிப்பு எங்க போச்சுன்னு காலையிலிருந்து தேடறேன். நீயா எடுத்தே?"

"அண்ணன் பாத்ரூம் போனப்ப உருவிட்டுப் போனேன். சொன்னா விடமாட்டீங்க. இதைப் பாருங்க முதல்ல."

போனில் படம் ஓடியது. வெள்ளை விரிப்பு. தேன் நிறத்தில் ஒரு தண்ணீர் விழுகிறது. விழுந்த இடமெல்லாம் மை கொட்டியதுபோல நீலக் கறுப்பு பரவுகிறது. கூட்டம் ஐயோ என்கிறது. இன்னொரு தண்ணீர் விழுகிறது. கறுப்பு கரைந்து வெள்ளையாகிறது. கூட்டம் அப்பாடா என்கிறது.

அவள் போனை வாங்கி இன்னொருதடவை ஓட்டினாள். கண்ணால் பார்த்தது. கணவர் படுத்திருந்த விரிப்பு, மூலையில் ஏழு என்று நூலால் தைத்த அதே விரிப்பு.

"அத்தனையும் அண்ணன் உடம்புல இருந்தது" என்றான் கொழுந்தன். "ஐயா சொல்லிட்டாரு, இனி இந்த ஊசி ஏத்தினாத்தான் ஆபத்தாம். வெறும் உடம்புல மருந்து போனா அதுவே விஷமாகுமாம். கையெழுத்துப் போடுங்க, கிளம்பலாம்."

"சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்னு எழுதிக் குடுக்கணும். நீதான் போடணும்" என்றார் மெக்கானிக், பேனாவைத் தேடிக்கொண்டே. "எனக்குத்தான் தெரியுதே, நல்லா இருக்கேன்னு. என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

"மூணு மாத்திரையும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுதா உங்களுக்கு?"

மெக்கானிக் பேனா தேடுவதை நிறுத்தினார்.

அவளும் குழம்பித்தான் நின்றாள். ஒருபக்கம், நல்லா இருக்கிற மாதிரி இருக்கும், நம்பாதே என்கிறார் டாக்டர். மறுபக்கம், விஷத்தையே படம்பிடித்துக் காட்டுகிறான் கொழுந்தன். கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போய் டாக்டர் சொன்னது உண்மையாகிவிட்டால் ஆளே இருக்கமாட்டார். கூட்டிப் போகாமல் ஐயா சொன்னது உண்மையாகிவிட்டால்? மாமியார் ஊரிலிருந்து கிளம்பிவிட்டார். வந்து கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பஸ்ஸில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. டிக்கெட் தொலைந்தது என்று சாதிக்கிற ஆளிடம் சண்டை போடமாட்டாள். "எங்க ஏறினீங்க? கல்லுப்பாலமா?" என்று சாதாரணமாகக் கேட்பாள். "ஆமாம்மா, கல்லுப்பாலம்தான்" என்பார் அவர். அந்தத் தடத்தில் கல்லுப்பாலம் என்று ஒரு நிறுத்தமே கிடையாது. அதற்குமேல் அவள் பேசவேண்டியிருக்காது.

அவள் எழுந்து சிஸ்டரிடம் போனாள். "சிஸ்டர், சலவையிலிருந்து வந்த விரிப்பு ஒண்ணு குடுங்களேன்."

"எந்தக் கட்டிலுக்கு?"

"எந்தக் கட்டிலுக்கும் இல்ல. யாரும் படுக்காததா வேணும்."

சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, நூல் கட்டுகூட அவிழ்க்காத அடுக்கிலிருந்து ஒன்றை உருவினார். "திருப்பிக் கொண்டாங்க. போறதெல்லாம் திரும்பறதில்ல."

"தம்பி, வா" என்றாள் கொழுந்தனிடம். "நானே ஒருதடவை பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

கொழுந்தன் முகத்தில் வெளிச்சம் அடித்தது. அண்ணி திருந்திவிட்டாள்.

கொட்டகைக்குள் மேசைமேல் இரண்டு பித்தளைக் கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் தேன் நிறத் தண்ணீர், ஒன்றில் தெளிந்த தண்ணீர். ரோஜா வாசனைக்கு அடியில் மருத்துவமனை வாசனையும் கொஞ்சம் வீசியது. மருத்துவமனைக்கு எதிரில் காற்றே அப்படித்தான் வீசும் என்பதால் யாரும் மூக்கை விரயம் செய்யவில்லை. மேசைக்குப் பின்னால் விரிப்பய்யா. சாந்தமான முகம். கஞ்சி போட்டு முறைப்பாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை. அவர் திரும்பும்போது உடம்பு முதலில் திரும்பியது, சட்டை பிறகு திரும்பியது.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு தச்சர் பழக்கூடையோடு நின்றிருந்தார். நன்றி சொல்ல வந்தவர். "என் பெண்சாதியும் இதே வார்டுதான்" என்று வரிசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "தலைவலி மாத்திரை அதிகமாயிடுச்சு. நேத்து ஐயா தெளிச்சாரு, உடனே எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிட்டேன். இன்னைக்குக் காலையில அவளே எழுந்து சமைச்சா. டாக்டருங்களா இருந்தா இன்னும் படுக்கப்போட்டுக் குத்திட்டிருப்பாங்க."

வரிசை உச்சுக்கொட்டியது.

அவள் விரிப்பை மேசைமேல் விரித்தாள்.

"யாரும்மா படுத்தது?" என்றார் ஐயா.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்க ஐயா."

ஐயா கண்ணை மூடித் திறந்து, தேன் நிறத் தண்ணீரைத் தெளித்தார். நீலக் கறுப்பு பூத்தது. நல்ல அகலமாக, கொழுந்தன் எடுத்த படத்தில் பார்த்ததைவிட அகலமாக.

"ஆம்பளை" என்றார் ஐயா.

"ஐயையோ, கரெக்ட்" என்றான் கொழுந்தன்.

"நடுவயசு. ரெண்டு விஷம் தெரியுது. ஒண்ணு தின்னது. இன்னொண்ணு..." ஐயா குனிந்து கறையின் ஓரத்தைப் பார்த்தார். "கூடப்பிறந்தவங்க கண்ணு."

கொழுந்தன் அவசரமாக அவள் பக்கம் திரும்பினான். "அண்ணி, சத்தியமா நான் இல்ல அண்ணி."

"சும்மா இரு. நிலைமை எப்படி ஐயா?"

"இந்த விரிப்பு வராம இருந்திருந்தா இன்னைக்குப் பொழுது தாண்டாது." இரண்டாவது தண்ணீர் விழுந்தது. கறுப்பு கரைந்து போயிற்று. "போச்சு. வேரோட போச்சு. ஊசியைக் கழட்டிட்டுக் கூட்டிட்டுப் போ."

"யாரைக் கூட்டிட்டுப் போறது ஐயா?"

"உன் வீட்டுக்காரரைத்தான்."

"அவர் இதுல படுக்கலையே" என்றாள் அவள். "யாருமே படுக்கல. சலவைக் கட்டிலிருந்து இப்பத்தான் சிஸ்டர் உருவிக் குடுத்தாங்க. நானும் இவனும் நேரா இங்க வந்தோம். ஏன் தம்பி?"

கொழுந்தன் ஆமாம் என்று தலையாட்டினான். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்பது அவனுக்குப் புரிந்தது.

வரிசை மொத்தமும் ஐயாவைப் பார்த்தது. ஆனால் ஒரு தொழிலில் பழுத்தவரை ஒரே அடியில் சாய்க்க முடியாது. ஐயா புன்னகை செய்தார்.

"அப்ப அது துவைச்சவனோட விஷம்."

வரிசை மூச்சுவிட்டது. அதுதானே! துவைத்தவனும் மனிதன்தானே! "ஐயா கண்ணுக்குத் தப்புமா?" என்றது ஒரு குரல். "சோதிக்க வந்திருக்கு பாரு" என்றது இன்னொன்று. தச்சர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, நம்பிக்கை இல்லாட்டி எதுக்கு வரிசையில நின்னு மத்தவங்க நேரத்தைக் கெடுக்கறே?" என்றார்.

"நம்பத்தான் வந்திருக்கேன் அண்ணே. என் வீட்டுக்காரர் உயிரு. தெரிஞ்சுக்கிட்டு நம்பறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு ஐயா பக்கம் திரும்பினாள். "ஐயா, விஷம் இருக்கிற உடம்பு பட்டாத்தான் துணி கறுக்கும். இல்லாத உடம்புன்னா கறுக்காது. சரிதானே?"

"சரிதான்."

"உங்க உடம்புல இருக்குமா?"

"என் உடம்புலயா!" ஐயா வரிசையைப் பார்த்துச் சிரித்தார். வரிசையும் சிரித்தது. "நான் மாத்திரை தொட்டுப் பல வருஷமாச்சு. ஒரு துளி விஷம் இந்த உடம்புல கிடையாது."

அவள் தேன் நிறத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஐயாவின் நெஞ்சில் ஊற்றினாள்.

சட்டைப் பையில் தொடங்கியது. அங்கிருந்து பித்தான் வரிசைக்கு வந்தது. பிறகு வயிற்றின் வளைவில் இறங்கி, இடுப்புவரை நீலக் கறுப்பாக நின்றது. இதுவரை கொட்டகைக்கு வந்த எந்த நோயாளிக்கும் இவ்வளவு விஷம் இருந்ததில்லை.

"ஐயா!" என்று கத்தினான் கொழுந்தன். அவன் குரலில் கேலி துளியும் இல்லை. "உடனே அட்மிட் ஆகணும் ஐயா! எதிர்லதான் ஆஸ்பத்திரி. தூக்குங்கப்பா யாராவது!"

வரிசையின் கடைசியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயா அதுவரை காட்டாத வேகத்தில் இரண்டாவது கிண்ணத்தைப் பிடுங்கித் தன் சட்டைமேலேயே கொட்டிக்கொண்டார். தண்ணீர் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. பாதி வெளுத்தது. பாதி வெளுக்கவில்லை. அவள் முதல் கிண்ணத்தில் அடியில் கிடந்ததை, துவைத்துத் துவைத்துத் தொய்ந்துபோன கொழுந்தனின் பனியனில் தெளித்தாள். லேசான பழுப்புக் கறை விழுந்தது. அவ்வளவுதான்.

"கூடப்பிறந்தவன் கண்ணுல விஷம்னீங்க. இவன் துணி கறுக்கவே இல்லையே ஐயா?"

டயர்க் கடைப் பக்கமாக ஒரு வழி இருந்தது, ஐயா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசை உடனே கலைந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். பெரியவர் ஒருவர் கண்ணீர்மல்கக் கைகூப்பி, "நம்ம விஷத்தையெல்லாம் தன் உடம்புல வாங்கிக்கிட்டாரே மகராசன்" என்றார். இரண்டு பேர் அவரோடு சேர்ந்து கைகூப்பினார்கள். மற்றவர்கள் தங்கள் கையிலிருந்த விரிப்பையும் ஐயாவின் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்படிப் பார்ப்பது பலருக்குப் புதிய பழக்கமாக இருந்திருக்கவேண்டும், நேரம் பிடித்தது.

அவள் காலிக் கிண்ணத்தோடும் அந்தப் புது விரிப்போடும் சாலையைக் கடந்தாள். பின்னால் கொழுந்தன், அவனுக்குப் பின்னால் தச்சர், பாதி வரிசை. டாக்டரம்மா கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் உடனே எடுத்தார்.

"புண்ணுக்குப் போடற அயோடின். தண்ணி கலந்து, சென்ட் ஊத்தியிருக்கான். கஞ்சியில பட்டா கறுக்கும். நம்ம விரிப்பு எல்லாத்துக்கும் சலவையில கஞ்சி போடறாங்க. எலுமிச்சைச் சாறு விட்டா வெளுத்துடும். விஷமும் இல்ல, மண்ணும் இல்ல." பிறகு கேட்டார்: "வீட்டு விரிப்பு வேண்டாம்னு சொல்லியிருப்பானே?"

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தச்சர் மட்டும் முன்னால் வந்தார்.

"அம்மா, என் பெண்சாதி நல்லா இருக்கா. சாப்பிட்டா. பேசினா."

"எப்ப மாத்திரை போட்டாங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"ஊசி எப்ப கழட்டினீங்க?"

"நேத்துப் பகல்... பாதியில."

டாக்டரம்மா சட்டென்று எழுந்தார். "ஓடுங்க. எப்படி இருந்தாலும் தூக்கிட்டு வாங்க. நல்லா இருக்கான்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."

தச்சர் ஓடினார்.

கொழுந்தன் ஏழாம் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றான். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, அண்ணி முகத்தையும் பார்க்கவில்லை. "கண்ணால பார்த்தேனே அண்ணி" என்றான்.

"பார்த்தே. யாரும் படுக்காத விரிப்பும் கறுக்குமான்னு நீ அவனைக் கேட்டியா? இல்ல, உன்னையாவது கேட்டுக்கிட்டியா?" அவள் அந்தப் புது விரிப்பை மெத்தையில் விரித்து, ஓரங்களை உள்ளே செருகினாள். "உன் கடைக்கு ஒருத்தன் போன் விற்க வந்தா பெட்டி எங்க, பில் எங்கன்னு நூறு கேள்வி கேக்கறே. இதுல மட்டும் வாயைத் திறக்க வெட்கமா இருக்கு உனக்கு. மூளையை வீட்ல வச்சுட்டு வந்தா, கண்ணு என்னத்தைத்தான் பார்க்கும்?"

மெக்கானிக் பேனாவைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் படுத்தார்.

விரிப்பய்யாவைக் காவல்துறை அன்று மாலை பஸ் நிலையத்தில் பிடித்தது. முன்பு வேறொரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர் என்று விசாரணையில் தெரிந்தது. அயோடின் கொட்டினால் விரிப்பு கறுக்கும் என்பது சலவைக்கூடங்களில் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. ஏமாற்றுப் புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்களில் ஒருவரும் முன்வரவில்லை. டிக்கெட் பரிசோதகர் ஒருத்திதான் எழுதிக் கொடுத்தாள்.

தச்சரின் மனைவியை அன்று பிற்பகல் கொண்டுவந்தார்கள். கண் மஞ்சளாகியிருந்தது. முறிவு மருந்தை மறுபடி தொடங்கினார்கள்.

மெக்கானிக்கின் ஊசியைப் புதன்கிழமை கழற்றினார்கள். ரத்தப் பரிசோதனையில் ஈரல் தேறியது தெரிந்தபின், பத்தாம் தேதி சனிக்கிழமை அவர் நடந்து வீட்டுக்குப் போனார். தச்சரின் மனைவி அதற்கு முந்தின நாள் இறந்தார்.